தெரு வந்து முட்டும் வீடு

எங்கள் வீட்டை அப்பா அம்மாவுக்கு முதலில் பின்பக்கமாகத்தான் காட்டினார். மதனப்பள்ளி தக்காளி மண்டியில் வேலை பார்த்தவர், பாலக்கோடு மார்க்கெட்டில் நல்ல இடம் கிடைத்ததும் ஆந்திராவை விட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் குறுக்கு வழி என்று சொல்லி, சோளக்காட்டு வரப்பில் எங்களை நடத்தி, புழக்கடைக் கதவு வழியாக உள்ளே விட்டார். வீடு நன்றாகத்தான் இருந்தது. சிவப்புத் தரை, நல்ல வெளிச்சம், கொல்லையில் முருங்கை. இவ்வளவு சல்லிசாக எப்படிக் கிடைத்தது என்று அம்மா கேட்டாள். அப்பா முருங்கைக்காயின் நீளத்தைப் பற்றிப் பேசினார்.

மறுநாள் காலை அம்மா முன்கதவைத் திறந்தபோது குட்டு வெளிப்பட்டது. எதிரே வீடே இல்லை. மேட்டிலிருந்து ஒரு தெரு நேராக இறங்கி வந்து எங்கள் கேட்டில் முட்டி நின்றது. தெருக்குத்து. அப்படிப்பட்ட வீட்டில் குடியேறினால் குடும்பம் உருப்படாது என்பார்கள். பாலக்கோட்டில் மட்டுமல்ல, மதனப்பள்ளியிலும் அப்படித்தான். விசாரித்தால், வீட்டைக் கட்டியவருக்கு ஒரு கால் விளங்காமல் போனதாம். பிறகு வாடகைக்கு வந்த புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்களாம். அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில், அடுத்தது நாங்கள்தானோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை அம்மா காலி செய்யவில்லை. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, வேண்டிய சேலையை மட்டும் எடுத்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் பூட்டிவிடுவாள். பொங்கல் வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் இந்தத் தெருவிலிருந்து ஒருத்தியாவது உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காவிட்டால் பிள்ளையோடு மதனப்பள்ளிக்குப் பஸ் ஏறிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா சரி என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

பால் காய்ச்சிய அன்று தெரு முழுக்க அழைத்திருந்தோம். வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு, "அடுப்புல வெச்சுட்டு வந்துட்டேங்க, அப்புறம் வர்றேங்க" என்று திரும்பினார்கள். அன்றைக்குத் தெருவில் அத்தனை வீட்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரிந்தது. ஊருக்கென்று காய்ச்சிய பாயசத்தை நாங்கள் மூன்று பேருமே குடித்துத் தீர்த்தோம்.

எனக்கோ அந்த வீடு ரொம்பப் பிடித்துப்போனது. தெரு சரிவு என்பதால் மேலே கை தவறிய எதுவும் கடைசியில் எங்கள் கேட்டுக்குத்தான் வந்து சேரும். பந்து, கோலிக்குண்டு, சைக்கிள் டயர், மழை பெய்தால் யாருடையதோ ஒற்றைச் செருப்பு. ஒருமுறை டிராக்டரிலிருந்து சரிந்த தக்காளி கூடை கூடையாக உருண்டு வந்தது. சைக்கிள் பழகுகிறவர்கள் எங்கள் கேட்டில் மோதித்தான் நிற்பார்கள். உருண்டு வந்த பந்துகளைத் திருப்பி எறிந்தே நான் தெருப்பிள்ளைகளைச் சிநேகம் பிடித்துவிட்டேன். அதனால் பொங்கல் நெருங்க நெருங்க எனக்கு அந்தப் பெட்டிமேலேயே கண். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியைப் பார்ப்பேன். பூட்டு அப்படியே தொங்கும்.

அம்மாவுக்குத் தமிழ் வராது. அந்தத் தைரியத்தில் தினமும் வாசல் பெருக்கும்போது தெருவைப் பார்த்துத் தெலுங்கில் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். இதெல்லாம் ஒரு ஊரா, இவர்களெல்லாம் மனுஷ ஜென்மமா என்று தொடங்கி வீடு வீடாக வருவாள். அதிலும் மூன்றாவது வீட்டுக்காரிக்கு எலுமிச்சம்பழத்தைக் கடித்த மூஞ்சி. தெரு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அந்த ஊரில் இருந்த ஒரே நிம்மதி அதுதான்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை, அந்த மூன்றாவது வீட்டுக்காரி புது ஸ்கூட்டி பழகினாள். பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதிலாக ஆக்சிலேட்டரை முறுக்கி, அலறிக்கொண்டே சரிவில் இறங்கி, எங்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து செம்பருத்திச் செடியில் விழுந்தாள். முட்டியில் ரத்தம். அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி, அவளைத் தாங்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் உட்காரவைத்தாள்.

"கொஞ்செம் நீள்ளு இவ்வக்கா" என்றாள் அவள். தண்ணீர்தான் கேட்டாள், ஆனால் சுத்தமான தெலுங்கில். அம்மா திகைத்துப்போய்ச் சொம்பை நீட்டினாள். அவள் மடமடவென்று குடித்துவிட்டு, சத்தம் கேட்டு வந்த அப்பாவிடம் தமிழில் சொன்னாள்:

"எங்க வூட்லயும் தெலுங்குதாங்கண்ணா. இந்தத் தெருவுல பாதி வூடு தெலுங்கு. அக்கா வைஞ்சதெல்லாம் எங்களுக்கு நல்லாவே புரிஞ்சுதுங்க. அந்த எலுமிச்சம்பழம் நாந்தாங்க. தெருக்குத்துக்குப் பயந்ததெல்லாம் மொத வாரந்தாங்க. அப்புறம் அக்கா வாய்க்குத்தாங்க பயந்தோம்."

தெலுங்கில் தண்ணீர் கேட்டபோதே அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டதால், அப்பா இதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் கிட்டே போனேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆந்திராவை விட்டு வந்தபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாள் அந்த அக்கா ஒரு கிண்ணத்தில் குழம்போடு வந்தாள். அடுத்த நாள் இன்னொருத்தியையும் கூட்டிவந்தாள். ஆனாலும் பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே, பூட்டியபடியே கிடந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

போகிக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, எங்கள் கேட்டை ஒட்டி ஒரு டிராக்டர் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா இடுப்பில் கைவைத்து நின்று, அரைகுறைத் தமிழில் டிரைவரை அதட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் தள்ளுங்க, இங்க, இங்க!" எதற்கு மணல் என்று கேட்டேன். வண்டி பழகுகிறவர்கள் வந்து விழுந்தால் அடிபடக் கூடாதல்லவா என்றாள். அப்பா அந்த மணல்மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பிடி அள்ளிப் பார்த்தார், காரணமில்லாமல் சிரித்தார். மறுபடி அள்ளினார்.

நான் நேராக உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். பூட்டு தொங்கியது. வெளியே வந்து அந்த மணலில் உட்கார்ந்து, சிநேகிதப் பிள்ளைகளை விட்டுப் பிரியப்போகிறோமே என்று தேம்பித் தேம்பி அழுதேன்.

பெட்டி இன்றைக்கும் அதே கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதில் அம்மாவின் பட்டுச்சேலைகள் இருக்கின்றன, பூட்டித்தான் வைத்திருக்கிறாள். ஊரை விட்டுப் போக நினைப்பவள் வாசலில் ஒரு டிராக்டர் மணலைக் கொட்டிவைப்பாளா என்று யோசிக்க எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. அம்மாவின் பதிலின்மேலேயே உட்கார்ந்துகொண்டுதான் நான் அழுதிருக்கிறேன்.