ஆலாவின் வயிற்றில் இருந்தது

1. சாக்கு மூட்டை

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், லேப் மேஜை மேல் ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து போட்டார்கள். அவிழ்த்தால் பதினோரு ஆலாப் பறவைகள். எல்லாம் சுட்டவை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறை அட்டெண்டர். படிப்பு எட்டாம் வகுப்பு. பறவையை அறுப்பது, பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டுவது என் வேலை.

மூட்டையோடு வந்தவர் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ஒரு குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தவர். விட்ட குஞ்சுகளில் பாதியைக் காணோம். கொள்ளிடத்து மணல் திட்டில் இறங்கும் ஆலாக்கள்தான் தின்றுவிட்டன என்று முடிவே கட்டிவிட்டார். அத்தனையையும் சுட அனுமதி வாங்க எங்கள் துறைத் தலைவரின் சர்டிபிகேட் வேண்டும்.

"கடல் பறவைங்க சார். மீனைத் தவிர வேற என்னத்தைத் திங்கப்போவுது?"

தலைவர் சிரித்துத் தலையாட்டினார். கல்லூரி விழாவுக்கெல்லாம் பந்தல் போட்டுக் கொடுக்கிற குத்தகைக்காரர் ஆயிற்றே.

அறுத்தேன். எல்லா வயிற்றிலும் சாம்பல் நிறக் கூழ். நாலில் மட்டும் மீன் முள். பதினொன்றுக்கும் 'உணவு: மீன்' என்று லேபிள் ஒட்டச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. பறவை செத்தாலும் அதன் வயிறு வேலையை நிறுத்தாது. பூச்சி முதலில் கரையும். நண்டு ஓடு நொறுங்கிச் சேறு மாதிரி ஆகிவிடும். முள்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் சுட்டவுடனே தொண்டை வழியாக ஃபார்மலின் ஏற்றி அதை நிறுத்த வேண்டும். கோடியக்கரைக்கு மாணவர்களோடு போனபோது இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே இந்தத் தலைவர்தான். பறவை நண்டையும் இறாலையும் தின்கிறது, அதன் எச்சத்தில் சேறு கொழுக்கிறது, அந்தச் சேற்றில் அடுத்த நண்டு வளர்கிறது, ஒன்றை எடுத்தால் எல்லாம் ஆட்டம் காணும் என்று அங்கே நின்று பாடம் நடத்தியவரும் அவரே.

"சார், காலையில சுட்டது. அஞ்சு மணி நேரமா வெயில்ல..." என்று இழுத்தேன்.

"சவரிமுத்து, லேபிள் ஒட்டறதுதான் உம்ம வேலை."

ஒட்டினேன். அந்தக் கோபம் அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

2. செத்ததுக்கு ஊசி

சர்டிபிகேட்டை வாங்கக் குத்தகைக்காரர் புதன்கிழமை வருவதாக இருந்தது. அன்று காலையிலும் அவர் சுடப் போகிறார் என்று கேள்விப்பட்டு, ஊசியும் ஃபார்மலின் பாட்டிலும் எடுத்துக்கொண்டு மணல் திட்டுக்குப் போனேன். முன்பின் பழகாதவரிடம் பேசவே கூசுகிறவன் நான். விழுகிற பறவைக்கு ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று கேட்பதற்குள் வேர்த்துவிட்டது.

"செத்ததுக்கு ஊசி போட டாக்டர் வந்திருக்காருப்பா," என்று அவர் கூட இருந்தவர்களிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் தடுக்கவில்லை. ஆறு பறவைகள் விழுந்தன. ஆறுக்கும் ஏற்றினேன்.

3. ஆறு தட்டுகள்

அவர் லேபுக்கு வந்தபோது ஆறு கண்ணாடித் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தேன். வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, வயல் நண்டின் கால்கள், ஒரு தவளை. ஒரே ஒரு தட்டில் ஒரு சிறு மீன்.

தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மீனும் இருக்கே," என்றார்.

குத்தகைக்காரர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு மண்ணச்சநல்லூர் பக்கம் நஞ்சை உண்டு. மூன்றாவது தட்டின் மேல் குனிந்தார்.

"இது பிள்ளைப்பூச்சியில்ல? எங்க நாத்தங்காலை வேரோட அறுத்துப் போடறது இதுதாங்க. இந்த நண்டுதான் வரப்பெல்லாம் ஓட்டை போடுது. இதையா தின்னுச்சு?"

"ஆமாங்க."

தலைவர் சர்டிபிகேட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார்.

"அதை நீங்களே வச்சுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டுக் குத்தகைக்காரர் போய்விட்டார். துப்பாக்கி அன்றோடு நின்றது. கோடையில் குளம் வற்றியபோது அடியில் கை தடிமனில் விரால் மீன்கள் கிடந்தனவாம். குஞ்சுகளைத் தின்றது அவைதான் என்று அவரே வந்து சொன்னார்.

நாற்றங்கால் போட்டவருக்குப் புரிந்தது. பாடம் நடத்தியவருக்குப் புரியவில்லையா? புரிந்தது. கையெழுத்துத்தான் பெரிதாகிவிட்டது.

4. அலமாரி

என் ஆறு தட்டுகளையும் தலைவர் கழுவிவைக்கச் சொன்னார். பழைய பதினோரு பாட்டில்கள் அலமாரியில் நின்றன. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் அதைப் பார்த்து 'ஆலாவின் உணவு மீன்' என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதினார்கள். நான் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஆறேழு வருஷம் பொறுத்தேன். ஒருநாள் ஒவ்வொரு லேபிளுக்கும் கீழே எழுதினேன்: 'ஐந்து மணி நேரம் வெயிலில் கிடந்தது. ஃபார்மலின் ஏற்றவில்லை.'

தலைவர் பார்த்துவிட்டார். யார் எழுதியது என்று கேட்டார்.

"நான்தான் சார். அன்னைக்கே எழுதியிருக்கணும்."

அவர் அதை அழிக்கச் சொல்லவில்லை. புதிதாக வேலைக்கு வரும் அட்டெண்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லேபிள் யார் சொல்லி எழுதினாலும், ஒட்டுகிற கை உங்களுடையது.