அடுப்பு எத்தனை

வேலிக்கு அப்பால் யாராவது தொண்டையைக் கனைத்தால் இன்றும் என் பேனா பாதி வரியில் நின்றுவிடும். இந்த மலையூரில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். படலுக்கு வெளியே நின்று கனைப்பார்கள். ஒருமுறை. பதில் வரவில்லையென்றால் இன்னொருமுறை. அந்த இரண்டு கனைப்புகளுக்கு நடுவில் மனதுக்குள் நான் எத்தனை முறை மூட்டை கட்டியிருக்கிறேன்!

அவனும் நானும் பதினோரு வருடங்களில் ஆறு வீடு மாறியிருந்தோம். சென்னையில் மூன்று, வேலூரில் மூன்று. எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான்: ஃபேமிலியா, பேச்சிலரா? நாங்கள் இரண்டு ஆண்கள், ஒருவருக்கொருவர் துணை. அந்தக் கேள்விக்குள் எங்களுக்கு உட்கார இடம் கிடையாது. பேச்சிலர் என்று சொல்லி நுழைவோம். நாற்பத்தைந்து வயதில் இன்னுமா என்று பார்வை நீளும். பிறகு ஒருநாள் தண்ணீர் மோட்டார் பார்க்க வந்த வீட்டுக்காரர் உள்ளே ஒரே கட்டில் கிடப்பதைப் பார்த்துவிடுவார். வேலூரின் கடைசி வீட்டில் காலி செய்ய ஒரு வாரம் கெடு கொடுத்தார்கள்.

அப்படி அலைந்துதான், காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்தால் வரும் சிற்றூரில் ஓர் ஓட்டு வீடு அகப்பட்டது. வேலூர் வாடகையில் கால் பங்கு. அவனுக்கு வாணியம்பாடியில் தோல் கம்பெனி வேலை. ஷேர் ஜீப்பும் பஸ்ஸுமாகப் போய் வரலாம். நான் வீட்டில் உட்கார்ந்து அச்சகங்களுக்குப் பிழை திருத்துபவன். வீட்டுக்காரம்மா அறுபதை நெருங்கும் கைம்பெண், பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். மகன் திருப்பூரில்.

"வூடு பூட்டிக் கெடந்தா கரையான் துன்னுடும். ஆளு இருந்தா போதும்," என்றாள். அவ்வளவுதான். வேறெதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: "நாங்க அண்ணன் தம்பிங்கம்மா." பயந்தவனின் வாய் கேள்விக்குக் காத்திருக்காது.

திருப்பத்தூருக்குப் போய் இரண்டாவதாக ஒரு மடக்குக் கட்டில் வாங்கி வந்து போட்டேன். யாரும் படுக்காத கட்டில். அதன்மேல் துணி, பழைய தாள்கள், தூசி.

மூன்று மாதம் மூச்சு விட்டோம். சரிவில் சாமை பச்சையாக நின்று, பழுத்து, தலை சாய்ந்தது. பனி ஜன்னல் வழியே உள்ளே வந்து என் தாள்களின்மேல் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது. ஆனாலும் நான் பெட்டியை முழுவதுமாகப் பிரிக்கவில்லை. அவன் அதைப் பரணில் தூக்கி வைப்பான். நான் இறக்கி வைப்பேன். அதற்காகவே இரண்டு முறை சண்டை போட்டுக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கனைப்பு.

படலுக்கு வெளியே ஊர்ப் பெரியதனக்காரர், எழுபது வயதிருக்கும், தோளில் துண்டு. பக்கத்தில் ஜீப்காரர், எங்கள் சாமான்களை மலையேற்றியவர். சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மாவும் கையில் முறத்தோடு வந்து நின்றாள். அம்மன் பொங்கலுக்கு வீடு எண்ண வந்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பானை. கோயில் முன்னால் யார் பானை எங்கே என்று வரிசை உண்டு. வரிசையில் இல்லாதவர்கள் ஊரில் இல்லாதவர்கள். தனி ஆண்களுக்கு அந்த ஊரில் வீடு விடுவதில்லை. ரோடு போட வந்த நாலு பேரைப் போன வருடம் அனுப்பியிருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

பெரியவர் உள்ளே வந்து நேராக அந்த இரண்டாவது கட்டிலில் உட்கார்ந்தார். தூசி கிளம்பியது. துண்டால் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். சமையலறையில் அவன் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் தம்பிங்களா?"

"ஆமாங்க."

ஜீப்காரர் சிரித்தார். "இன்னா சார் இது? சாமான் ஏத்தும்போது உள்ள கீறவரு எங்கிட்ட மாமன் மச்சான்னு சொன்னாரே!"

அவன் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் பொய்களை ஒத்துப்பார்த்துக்கொள்ள மட்டும் மறந்துவிட்டோம். அண்ணன் தம்பி என்றால் ஒரே ரத்தம். மாமன் மச்சான் என்றால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. ஒரே ஆள் இரண்டாகவும் இருக்க முடியாது. மழலை மாறாத குழந்தையும் இதைச் சொல்லிவிடும். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"ரெண்டுல ஒண்ணு பொய்யி," என்றார் ஜீப்காரர்.

"ரெண்டுமே பொய்யி," என்றார் பெரியவர்.

என் கண் தானாகப் பெட்டியைத் தேடியது.

"இந்த மாதிரி ஆளுங்கள நான் ஃபோன்ல பாத்திருக்கேன் பெரியப்பா. இது வேற கத," என்றார் ஜீப்காரர்.

வீட்டுக்காரம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "தெனம் பதினஞ்சு பேர அடைச்சிக்கினு போறியே, யாரு யாருக்கு இன்னா வேணும்னு கேட்டுக்கினா ஏத்துற?"

"அது வண்டி பெரிம்மா. இது வூடு."

"என் வூடு."

பெரியவர் கையை உயர்த்தினார். "அடுப்பு எத்தினி?"

யாரைக் கேட்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை. அதற்குள் அவன் கரண்டியோடு நிலைப்படிக்கு வந்திருந்தான். "ஒண்ணுதாங்க."

"எத்தினி வருசமா?"

"பதினோரு வருசமா."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஏந்தம்பி, எங்க வூர்ல அண்ணன் தம்பிங்க ஒரே அடுப்புல பதினோரு மாசம் தாங்க மாட்டானுங்க, வெட்டிக்குவானுங்க. பொய்ய நம்புற மாதிரி சொல்ல வாணாவா?"

வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலூரிலும் சிரித்துவிட்டுத்தான் கெடு சொன்னார்கள்.

"ஒரு அடுப்பு, ஒரு வூடு, ஒரு பானை," என்றார் பெரியவர். "மத்தத எண்ண நான் வர்ல."

ஜீப்காரர் விடவில்லை. "பானை பொம்பளதானே வைக்கணும்? இதுல யாரு வைப்பாங்க?"

அதிலிருந்த ஊசி எனக்கும் தைத்தது, அவனுக்கும் தைத்தது. அவன் காது சிவந்துபோனதைப் பார்த்தேன். கைம்பெண் பானை வைக்க ஊர் வழக்கம் விடாது. வீட்டுக்காரம்மா எங்களுக்காக முன்வர முடியாது.

பெரியவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எம்பொண்டாட்டி செத்து ஆறு வருசமாச்சு. அதுலேர்ந்து நாந்தான் வைக்கிறேன். பொங்காமலா போச்சு?"

"ஆமா, ஆம்பள வச்சா பொங்கும். நான் வச்சாதான் ஊருக்கு ஆவாது," என்றாள் வீட்டுக்காரம்மா, முறத்தைப் பார்த்து.

பெரியவருக்கு அது கேட்டது. கேட்காததுபோல எழுந்தார். "புது வூடு வரிசையில கடைசி. பொக பூரா உங்க மூஞ்சிலதான் அடிக்கும், சொல்லிட்டேன்."

நம்பலாமா? என் கால்கள் நம்பவில்லை. அவர்களுக்குப் பின்னாலேயே வாசல்வரை நடந்தன, ஏதாவது மிச்சம் இருக்கும் என்று.

இருந்தது. படலைத் தாண்டிய ஜீப்காரர் திரும்பி நின்றார். "வெள்ளிக்கெழம காலைல பானை வாங்க வண்டி ஆலங்காயம் எறங்குது." அவர் முகத்தில் இருப்பது கேலியா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ரெண்டு சீட்டா? இல்ல, ஒருத்தர் மடியில ஒருத்தர் ஒக்காந்துக்கினு வர்றீங்களா?"

பெரியவர் நின்றார். வீட்டுக்காரம்மா வாயில் கை வைத்தாள். வேண்டாம், ஒன்றும் பேசாதே என்று, கரண்டியோடு என் பின்னால் வந்து நின்றிருந்தவனின் முழங்கையைப் பிடித்தேன். அவன் மெல்ல என் விரல்களை விலக்கினான்.

"ரெண்டு சீட்டு புடிச்சி வைண்ணா," என்றான். "மடியெல்லாம் நாங்க வூட்லயே பாத்துக்கிறோம்."