குள்ளனுக்கு மந்திரம் கிடையாது

காய்ந்த கராம்பின் காரம் மூக்கில் ஏறினால், இன்றும் எனக்கு பஸ்லானின் ஞாபகம்தான் வரும்...

மாத்தளை டவுனில் அவனுடைய வாப்பாவுக்குக் கராம்பு, மிளகு வாங்கி விற்கும் கடை. ஞாயிறு டியூஷன் முடிந்ததும் அதன் மேல்மாடியில், மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து மூன்று பேர் உட்காருவோம். பஸ்லான், வஹகோட்டையிலிருந்து வரும் அன்டன், தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வரும் நான்.

வடக்கில் சண்டை திரும்பவும் தொடங்கிய வருசம். சந்தியில் நான்கு பொடியன்கள் நின்றாலே பொலிஸ்காரர்கள் அடையாள அட்டை கேட்பார்கள். மாடியில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பஸ்லானின் மாமா லண்டனில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கி அனுப்பிய தடித்த புத்தகம்தான் எங்கள் விளையாட்டு. ஆளுக்கு ஒரு பாத்திரம் உருவாக்க வேண்டும். முதலில் இனம்: மனிதன், குள்ளன் என்று. பிறகு தொழில்: வீரன், கள்ளன், மந்திரவாதி... அப்புறம் குகைக்குள் இறங்கிப் பூதங்களோடு சண்டை. எல்லாம் வாயால்தான்.

அதற்கென்று இருக்கும் இருபது முகத் தாயக்கட்டை எங்களிடம் இல்லை. சோடா மூடிகளில் நம்பர் எழுதி, பால்மா டின்னில் குலுக்கி எடுப்போம். நடுவர் பஸ்லான். புத்தகத்தை விட்டு இம்மியும் நகராத நடுவர்.

அன்று என் பாத்திரத்தின் அறிவுக்காக மூன்று லூடோ கட்டைகளை உருட்டினேன். மூன்றும் ஆறு. அன்டன் விசிலடித்தான்.

"குள்ளன்" என்றேன். மலையைத் தோண்டித் தோண்டியே வாழ்கிற சனம். எங்கள் ஆட்கள் மாதிரி இருந்தார்கள். "தொழில், மந்திரவாதி."

பஸ்லான் பக்கம் புரட்டினான்.

"ஏலாது மச்சான். குள்ளன் வீரனா வரலாம், கள்ளனா வரலாம். மந்திரவாதி ஏலாது."

"மூணும் ஆறுடா."

"அறிவு ஈக்கு. ஆனா குள்ளனுக்கு மந்திரம் கிடையாது. புத்தகத்துல அப்பிடித்தான் ஈக்கு."

"இத எழுதுனவன் எங்க தோட்டத்து ஆபீஸ்ல வேல செஞ்சவனா?"

அன்டன் சிரித்தான். நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"ஒரு வெளாட்டுக்கு ஏன்டா இவ்வளவு கோவம்?" என்றான் பஸ்லான்.

சொன்னேன். அவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வகுப்பில் மெத்ஸ் பிரிவு கேட்டு அந்த வாரம்தான் போயிருந்தேன். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் எனக்குக் கணிதத்துக்கு ஏ. உப அதிபர் ரிசல்ட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "தோட்டத்துப் புள்ளைகளுக்கு ஆர்ட்ஸ்தான் சரிவரும்" என்று அனுப்பிவிட்டார். எங்கள் தோட்டப் பள்ளியில் ஏ.எல். வகுப்பே கிடையாது. அந்த வாசலும் அடைத்தால், எனக்கு மெத்ஸ் அதோடு முடிந்தது.

பஸ்லான் அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தான்.

"மச்சான், கவசம் போட்டா கை அசையாது, அதால மந்திரம் வராதுன்னு போட்டீக்கு. சரி, காரணம் ஈக்கு. இதுக்கு ஒரு காரணமும் இல்லியே."

பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினான்.

"எனக்காக வெட்டாத" என்றேன்.

"ஒனக்கு மட்டும் வெட்டினா அது சலுகை. எல்லாருக்கும்தான் வெட்டினேன். அன்டன், வேணும்னா நீயும் மாத்திக்கோ."

"எனக்குக் கள்ளனே போதும்" என்றான் அன்டன்.

மறுநாள் காலை, உப அதிபரின் அறை வாசலில் பஸ்லான் என் பக்கத்தில் நின்றான்.

"சேர், இவன மெத்ஸ்ல எடுக்காததுக்கு என்ன காரணம் சேர்?"

"அதக் கேக்க நீ யாரு?"

"இவன்ட கூட்டாளி சேர்."

அதற்காக அவனை வராந்தாவில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். சேதி கேட்டு வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பள்ளி அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தவர். மகனை எழுப்பிவிட்டு, அவன் கேட்டதையே அவரும் கேட்டார். உடனே எனக்கு இடம் வந்துவிட்டது.

நியாயம் கிடைத்தது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னோடு பாஸான இரண்டு பேருக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. ஒருவன் கொழும்பில் கடை வேலைக்குப் போனான். ஒருத்தி கார்மென்ட்ஸுக்குப் போனாள். இருவருக்கும் என்னைவிட நன்றாகக் கணக்கு வரும்.

இன்று நான் நில அளவையாளன். பஸ்லான் கட்டாரில். வாப்பாவும் இப்போது உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார். அன்று அவருக்கு நேரில் நன்றி சொன்னபோது, "படிடா மகன், அது போதும்" என்று மூட்டை நிறுக்கப் போய்விட்டார். பஸ்லான், வாப்பா, உங்கள் இருவருக்கும் நான் கடமைப்பட்டவன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இப்போது வரும் புத்தகங்களில் அந்தத் தடை இல்லை. யாரும் எதுவாகவும் வரலாம். போன வெள்ளிக்கிழமை வீடியோ கோலில் பஸ்லானின் மகள் ஒரு குள்ள மந்திரவாதியை உருவாக்கினாள். முந்தி அது ஏலாது என்றேன்.

"சும்மா பொய் சொல்லாதீங்க மாமா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

எங்கள் தோட்டப் பள்ளியில் இன்றும் ஏ.எல். மெத்ஸ் இல்லை. முந்தி இங்கே அது இல்லை என்றால், அதைப் பொய்யென்று நினைத்து இப்படிச் சிரிக்க, லயத்தில் ஒரு பிள்ளை எப்போது வரப்போகிறது...