முதல் மரக்கால்

2024 ஆகஸ்ட் 7, புதன், பிற்பகல் மூன்றேகால், கடும் புழுக்கம். செந்துறைப் பக்கம், பேத்தியை அழைத்துவரப் பள்ளிக்குப் போயிருந்தேன். உள்ளூர்ப் பண்பாட்டு வகுப்பில் டீச்சர் மரக்காலால் நெல் அளக்க, பிள்ளைகள் “லாபம், ரெண்டு, மூணு” என்று எண்ணினார்கள்.

ஒன்றாம் வகுப்பில் நானும் அப்படித்தான் எண்ணினேன். தூசு பறக்கும் எங்கள் களத்தில் அப்பா முதல் மரக்காலை மங்கலமாக ‘லாபம்’ என்பாரே தவிர, ஒன்று என்று சொன்னதே இல்லை.

“ஒண்ணு எங்கடா? உங்கப்பன் களத்துல வுட்டுட்டு வந்துட்டியா?” என்று வாத்தியார் அடிக்கோலால் விரல் முட்டியில் அடித்தார். வகுப்பே சிரித்தது. எண்ணத் தெரியாதவன் என்று என்னைப் பெயிலாக்கினார்.

“உங்க காலத்துலயும் இப்டித்தானுங்களா தாத்தா?” என்றார் டீச்சர்.

“அப்ப இதுக்கு அடி வுழுந்துச்சும்மா.”

வேடிக்கைப் பேச்சென்று நினைத்து அவர் சிரித்தார். கூட்டாளிகள் இரண்டாம் வகுப்புக்குப் போன பின்பு, சின்னப் பிள்ளைகளோடு நான் உட்கார்ந்திருந்தது முழுதாக ஒரு வருஷம்.