அப்பா காத்திருந்த மருந்து

திருச்சுழி போகும் சாலையில், எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவில் அந்த பிளக்ஸ் ஒரு வருடத்துக்கு மேல் நின்றது. அதில் நான் வெள்ளைக் கோட்டுப் போட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். "குடல் புற்றுநோய்க்கு மருந்து தயாரிக்கும் எங்கள் ஊர் மகளை வாழ்த்துகிறோம்" என்று கீழே போட்டிருந்தது. சித்தப்பா அருப்புக்கோட்டையில் அடித்து வாங்கி வந்தது. அடிப்பதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் அனுப்பி, எல்லாம் சரியா என்று என்னைக் கேட்டார். நான் புகைப்படத்தை மட்டும் மாற்றச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும், அவ்வளவுதான். அம்மா கைநாட்டு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து சென்னைக்குப் போய் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவளுக்கு அந்தப் பலகை மிகையாகத் தோன்றவில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்கார்வேன்.

நான் மருந்து எதுவும் தயாரிக்கவில்லை. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் புற்றுக்கட்டியை அடையாளம் கண்டு கொல்லக்கூடியவை. கட்டி அவற்றுக்கு ஒரு தடை போட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்தத் தடையை எடுத்துவிடும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. இம்யூனோதெரபி என்கிறார்கள். சில வகைப் புற்றுக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் பெருங்குடல் புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்பதில்லை. எதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் நுழைவதே இல்லை. அளவைக் கூட்டிக் கொடுத்தால் அவை நல்ல குடலைத் தாக்க ஆரம்பித்துவிடும். அதனால் அந்த மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துகள்களில், நானோ துகள்களில், பொதிந்து கட்டிக்குள் போய் மட்டும் திறக்கும்படி செய்ய முடியுமா என்று எங்கள் ஆய்வகத்தில் பார்க்கிறோம். எலிகளில் பார்க்கிறோம்.

முதல் வருடம் அப்பா கேட்டபோது இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, "ஆட்டுக்கு மாத்திரைய வாழப்பழத்துல பொதிஞ்சு குடுப்பீகள்லப்பா, அந்த மாதிரி" என்றேன். அவர் சந்தோஷமாகிவிட்டார். "அப்ப துப்பாது," என்றார். எலி என்பதையும் சொன்னேன். ஆனால் போகிற போக்கில், பெரிய விஷயமில்லாதது போல.

அப்பாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சமும் இருபது ஆடுகளும். மலத்தில் ரத்தம் போனபோது அம்மாவிடம் மூலம் என்று சொல்லியிருக்கிறார். வெயிலில் அலைகிற உடம்புக்குச் சூடு என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வதுதான். அம்மா துத்தி இலையைப் பறித்து, சின்ன வெங்காயத்தோடு வதக்கிக் கொடுத்தாள். அப்படியே ஒரு கோடைக்காலம் போனது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை என்று ஆன பிறகுதான் எனக்குப் போன் வந்தது. வந்து மதுரைக்கு அழைத்துப் போனேன். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி.

"வேற எங்கயும் பரவல," என்றார் டாக்டர். "சீக்கிரம் ஆபரேஷன் செஞ்சா நல்லது. கொஞ்ச மாசம் மலம் போறதுக்கு வயித்துல ஒரு பை வைக்க வேண்டி வரலாம்."

அப்பா "சரிங்கய்யா" என்றார். தேதி வாங்கினோம். கூட இருக்கச் சித்தப்பா ஒத்துக்கொண்டார். என் எலிகளுக்கு அந்த வாரம் ஊசி போடத் தொடங்க வேண்டியிருந்தது. நான் சென்னைக்குப் போய்விட்டேன்.

தேதி வந்த அன்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "சுகரு கூட இருக்காம். கொறையட்டும், நாங்களே கூப்புடுறோம்னு அனுப்பிட்டாக," என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரமும். மருத்துவமனைக்கு ஒரு போன் போட எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த மாதங்களில்தான் சில எலிகளில் கட்டி சுருங்க ஆரம்பித்திருந்தது. நான் அளவுகளைப் படமாக வரைந்து, ஒரு கருத்தரங்கில் காட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. கண்மாய்க் கரையில் ஆடுகளோடு இருந்தார். நேராக உட்கார முடியாமல், மடித்த சாக்கின் மேல் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். தேதி வாங்கி வந்த பிறகு மருத்துவமனைக்கு அவர் ஒரு தடவைகூடப் போகவில்லை என்பதை வாசலிலேயே அம்மாவிடமிருந்து பிடுங்கிவிட்டேன். "எங்கிட்டக் கத்தாத. எங்கிட்டயும் ஒன் சித்தப்பாட்டயும் அவுகதேன் சொல்லக் கூடாதுன்னாக," என்றிருந்தாள்.

"ஏம்ப்பா போகல?" என்றேன்.

அப்பா கையிலிருந்த கருவேலங்காயை ஒரு குட்டிக்கு நீட்டினார். "ஒன் மருந்து எந்த மட்டுக்கு இருக்கு?"

"எந்த மருந்து?"

"நீ செய்யிறதுதேன். அறுத்துப் பையத் தொங்கவிட்டதுக்கப்பறம் அது வந்து என்னத்துக்கு? வயித்துல பீப்பையோட ஆட்டுக்குப் பின்னாடி ஓட முடியுமா? அதேன் செத்த பொறுப்போம்னு இருந்தேன்."

"அது எலிக்குத்தாம்ப்பா குடுக்குறோம்."

"தெரியும்ல. நானும் ஆடுகளுக்குப் பூச்சி மருந்து வாங்குனா மொதல்ல இந்தக் கெழட்டு மொட்டைக்குத்தேன் ஊத்துவேன். ரெண்டு நாளு பாத்துட்டு மத்ததுக்கு ஊத்துறது. எலி நல்லா இருக்குல்ல?"

"சிலதுக்குக் கட்டி சுருங்குச்சு."

"பெறகென்ன. அதுக இப்ப எப்படி இருக்கு?"

"இல்லப்பா. எல்லாத்தையும் அறுத்துப் பாத்தாச்சு."

"சொகமானதையுமா?"

"சொகமானதையுந்தேன். அறுத்தாத்தேன் உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியும்."

அவர் அந்தக் கிழட்டு ஆட்டைத் திரும்பிப் பார்த்தார். ஓர் ஆட்டுக்கு மருந்து ஊற்றி, ரெண்டு நாள் பார்த்து, அது பிழைத்தால் மற்றவற்றுக்கு ஊற்றுகிறவருக்கு நான் சொன்னதில் ஏதோ பொருந்தவில்லை.

"அப்ப மனுசனுக்கு எப்ப?"

"ரொம்ப வருசம் ஆகும்ப்பா. வராமலே போனாலும் போகும்."

"பிளக்ஸுல போட்ருக்குன்னு ஒன் சித்தப்பன் வாசிச்சுச் சொன்னானே."

"அது தப்பு."

"தெரிஞ்சுதேன் விட்டியா?"

மறுநாளே மதுரைக்குப் போகலாம் என்றேன். "பொங்கல் முடியட்டும், தாயி. ஆடுகள யாருட்டயாச்சும் விடணும்ல," என்றார்.

இரண்டாவது ஸ்கேனில் கல்லீரலில் பல இடங்களில் இருந்தது. நுரையீரலிலும் புள்ளிகள். இனி அறுத்துப் பயனில்லை என்றார் டாக்டர். கீமோ கொடுத்தால் கொஞ்ச காலம் தள்ளலாம். நான் இம்யூனோதெரபி பற்றிக் கேட்டேன். கட்டியின் சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். எதிர்ப்பு அணுக்கள் நுழைய முடிகிற வகையாக இருந்தால், இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மருந்தே அவருக்குக் கேட்கலாம். அந்த அறிக்கைக்காக நான் காத்திருந்தது போல என் எலிகளின் எந்த முடிவுக்காகவும் காத்திருந்ததில்லை.

அந்த வகை இல்லை. பெரும்பாலோருக்கு வருகிற, மருந்து கேட்காத வகை. என் துகள்கள் எந்தக் கட்டிக்காகச் செய்யப்படுகின்றனவோ, அதே கட்டி. ஆய்வகத்தில் குளிர்பெட்டியின் மூன்றாவது தட்டில் சின்னக் குப்பிகளில் அவை இருக்கின்றன. ஒரு மனிதனுக்கு எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

அறிக்கை வாங்கிய அன்று அருப்புக்கோட்டையில் பஸ் மாறினோம். திருச்சுழி பஸ்ஸில் கூட்டமில்லை. முன் இருக்கையில் எங்கள் தெரு அத்தை ஒருத்தி, கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முழுசாகத் திரும்பிக்கொண்டாள்.

"என்னண்ணே, பாதி ஆளாப் போயிட்டீக. டாக்டரு என்ன சொல்றாக?"

"நாளு கடந்து போச்சாம். இனி அறுக்க முடியாதாம்."

"அப்பவே போயிருக்கலாம்ல?"

"பையக் கட்டிவிட்ருவாகன்னு பயந்துக்கிட்டு நாந்தேன் போகல."

"நல்லா இருக்கே. மீசைய மட்டும் முறுக்கத் தெரியுதாக்கும்," என்றாள். "வீட்டுக்குள்ளயே மருந்து செய்யிற புள்ளைய வச்சுக்கிட்டு ஒரு பைக்குப் பயந்து கெடந்திருக்கீக. அந்தப் புள்ள எம்புட்டுச் சொல்லிருக்கும்."

"சொல்லுச்சு, சொல்லுச்சு. நாந்தேன் கேக்கல."

அத்தை என் பக்கம் திரும்பி என் முழங்காலைத் தட்டினாள். "நீ வெசனப்படாத ஆத்தா. ஒங்கப்பன் சின்னதுலருந்தே இப்படித்தேன். யாரு சொல்லியும் கேட்டதில்ல. ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல."

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். என் மருந்துக்காகத்தான் காத்திருந்தார் என்று நான் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். பஸ் பாலத்தில் ஏறி இறங்கும் வரை அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன்.