ஆறிலிருந்து ஏழு வரை ஜெனிபர் வீட்டில் இருப்பாள்

ஓட்டக்காரியைப் பெற்றவளுக்குச் சமையல் போக இன்னொரு வேலையும் உண்டு: மகள் நாளை எங்கே இருப்பாள் என்று இன்றே எழுதிக்கொடுப்பது. ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் சொல்லாமல்தான் வருவார்கள். அதற்காகத் தினமும் ஒரு மணி நேரத்தையும் ஒரு முகவரியையும் போன் செயலியில் பதிய வேண்டும்; நாங்கள் பதிவது காலை ஆறிலிருந்து ஏழு, வீட்டு முகவரி. ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை ஆள் இல்லையென்றால், மாத்திரையே தொடாதவளுக்கும் தடை. மைதானத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த அம்மாக்களே, நீங்களாவது கேளுங்கள்.

யார் அந்த ஜெனிபர்?

கீரமங்கலம் பக்கம் எங்கள் தெருவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கான்வென்ட் ஆங்கிலத்தில், தண்ணீர் டேங்குக்கு எதிர்வீடு என்று அழகாக எழுதினேன். வந்த அதிகாரி டேங்க் வரை வந்து, டீக்கடையில் என் மகள் ஜெனிபரின் வீட்டை விசாரித்து, அப்படி யாருமில்லை என்ற பதிலோடு திரும்பிவிட்டார். முதல் தவறு எங்கள் கணக்கில். டீக்கடைக்காரரைப் பிடித்து உலுக்கினேன்.

"பாப்பு வீடுன்னு கேட்டிருந்தா நானே கொண்டாந்து விட்டிருப்பேன்க்கா. ஜெனிபர் யாருன்னு எனக்கென்ன தெரியும்?"

திருமயத்தில் துக்கம்

விடியற்காலையில் நாத்தனார் கணவர் இறந்த செய்தி வந்தது. போட்டது போட்டபடி பஸ் ஏறினோம். செயலி ஞாபகம் வந்தபோது சிக்னல் இல்லை. அன்று பார்த்து ஆறு மணிக்கு வந்து பூட்டிய கதவைத் தட்டியிருக்கிறார்கள். இரண்டாவது தவறு. அலுவலகத்துக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்:

"இதை நீங்க முன்கூட்டியே தெரிவிச்சிருக்கலாமே மேடம்?"

குறைகள் இருப்பின்

அடுத்தது ஆவூர் மாதா கோவிலில் தங்கை மகள் கல்யாணம். ஐந்து மணிக்கே மணப்பெண்ணோடு வேனில் போகவேண்டிய தோழி, ஜெனிபர். ஏழு மணிக்கு முன்னால் அவள் வாசல் தாண்டமாட்டாள் என்றேன். தங்கை பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஆறு பத்துக்கு வந்தார்கள், ஒரு பெண்ணும் ஓர் ஆணும். ஜெனிபர் அப்போதுதான் பாத்ரூம் போய் வந்திருந்தாள். இனி மறுபடி சோதனைக்குச் சிறுநீர் வரும்வரை அந்தப் பெண் அவளை விட்டு நகரக்கூடாதாம். பட்டுப்புடவையோடு உட்கார்ந்து தண்ணீராகக் குடித்தாள் ஜெனிபர். ஏழானது, எட்டானது. ஆவூரில் பூசை தொடங்கிவிட்டதென்று போன் வந்தது.

அவர்கள் கொண்டுவந்த சோதனைப் படிவத்தில் 'குறைகள் இருப்பின்' என்றொரு கட்டம் இருந்தது. பேனாவை வாங்கினேன். தெரு, டீக்கடை, துக்கம், கல்யாணம், ஒன்றையும் விடவில்லை. கட்டம் முடிந்து ஓரத்தில் ஏறியபோது, போதுமே மேடம் என்றாள் அந்தப் பெண். நான் இன்னொரு தாள் கேட்டேன். மூன்றாவது சொம்பைக் கீழே வைத்தாள் என் மகள்.

"நீ எழுதும்மா, எனக்கு இன்னும் வரல."

என் மகளின் சிறுநீரில் என்ன இல்லை என்பது இப்போது உலகத்துக்கே தெரியும். எங்கள் தெரு இருப்பதுதான் இன்னும் தெரியவில்லை.