நாற்பத்தொன்றாம் அறையின் சீட்டுகள்

குடியேற்றத்தின் தொண்ணூற்றாறாம் ஆண்டில் சாவிக்காரர் பணியேற்றதாகப் பதிவேடு சொல்கிறது. அவரோ அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி வாரம் என்றே சாதித்துவந்தார். எதை ஏற்றாலும், முப்பத்தோர் ஆண்டுகள் அவர் ஆளில்லாத தெருக்களில் நடந்தார் என்பதில் ஐயமில்லை.

அவருடைய வேலை இன்னதென்று விளங்க, ஊர் உண்டான கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். முன்னோர் வந்திறங்கிய கலத்தில் காற்று இயந்திரங்கள் இரண்டு இருந்தன. இறங்கும்போதே ஒன்று நொறுங்கிப்போயிற்று. மிஞ்சிய ஒன்றால் நாலாயிரம் பேருக்கும் மூச்சு கொடுக்க முடியவில்லை. உறங்குகிறவர்களுக்குக் காற்று குறைவாகவே வேண்டும் என்பதால், பாதிப்பேர் விழித்திருக்கும்போது மறுபாதி நிலத்தடித் துயில்கூடத்தில் உறங்குவது என்று முடிவாயிற்று. அந்தக் கோளில் சூரியன் அடிவானத்துக்கு ஒரு சாண் மேலே ஆணியடித்தாற்போல் நிற்கும். ஆகவே பகல் யாருக்கு, இரவு யாருக்கு என்ற சச்சரவு எழவில்லை. முதல் முறையினர், இரண்டாம் முறையினர் என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. அறைகளை மட்டும் அப்படிப் பிரிக்க முடியவில்லை. ஒரே அறையில், ஒரே நாற்காலியில், முறைக்கு ஒரு குடித்தனம் நடந்தது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை.

ஒரு முறையினர் மேற்குப் படியில் இறங்கிப் போனபின், மறு முறையினர் கிழக்குப் படியில் ஏறி வருவதற்குள் மூன்று நாழிகை உண்டு. அதற்கு வெற்றுவேளை என்று பெயர். அந்த மூன்று நாழிகைக்குள் தம் பகுதியின் அறுபத்திரண்டு அறைகளையும் திறந்து, குழாய் மூடியிருக்கிறதா, அடுப்பு அணைந்திருக்கிறதா, காற்றுத் துளையில் துணி ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதே சாவிக்காரரின் வேலை. நாளுக்கு இரண்டு தடவை. மற்ற நேரமெல்லாம் அவர் தம் கூண்டறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கவேண்டும்.

காரணம் இருந்தது. பதினெட்டாம் ஆண்டில் அப்போதைய சாவிக்காரர் ஒருவர், ஒரு முறையில் நேர்ந்த சாவுக்கு மறு முறையினர் தண்ணீரை அசுத்தமாக விட்டுப்போனதுதான் காரணம் என்று ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிவிட்டார். இரு முறையினரும் படிக்கட்டில் கைகலந்தார்கள். ஒன்பது பேர் மாண்டார்கள். அன்றுமுதல் விதிகள் இரண்டு. சாவி வைத்திருப்பவர் எந்த முறையினரோடும் பேசக்கூடாது. ஒரு முறையின் சாவு மறு முறையின் காதுக்குப் போகக்கூடாது.

ஆகவே அவர் மனிதர்களை அறைகளைக்கொண்டே அறிந்தார். இரண்டாம் முறையில் இருந்த சொந்தத் தம்பியின் வீட்டில் குழந்தைகள் வளர்வதை வாசலில் கிடந்த செருப்புகளின் அளவைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஒரு தடவை மிகச் சிறிய செருப்பொன்றைக் கையில் எடுத்துப் பார்த்ததில் நேரம் போனது தெரியாமல், கடைசி நாலு அறைகளை ஓட்டமும் நடையுமாக முடித்தாராம்.

நாற்பத்தொன்றாம் அறை தெருக்கோடியில் இருந்ததால் அவர் சுற்றில் கடைசி. முதல் முறையில் அங்கே இருந்தவள் முகமூடி தைக்கும் தையற்காரி. இரண்டாம் முறையில் கண்ணாடி தேய்ப்பவள். இருவரும் தனிக்கட்டைகள். வீட்டு விஷயங்களைச் சீட்டில் எழுதிச் சுவராணியில் குத்திவைக்க அனுமதி உண்டு. குழாய் சொட்டுகிறது என்று தொடங்கியது, அவர்களிடம் அதோடு நிற்கவில்லை. "உன் நாற்காலி முனகுது. என் கனமா, உன் கனமான்னு அதுகிட்டதான் கேக்கணும்" என்று மூத்தவளான கண்ணாடி தேய்ப்பவள் எழுதுவாள். "நான் உக்காந்தா பாடுது அக்கா. முனகுறது உங்களுக்குத்தான்" என்று தையற்காரியிடமிருந்து பதில் வரும். படிப்பது சாவிக்காரரின் வேலையன்று. ஆனாலும் படித்தார்.

அவர் பணியின் இருபத்தைந்தாம் ஆண்டில் கண்ணாடி தேய்ப்பவள் நுரையீரல் கெட்டு இறந்துபோனாள். அவள் எழுதத் தொடங்கி முடிக்காத சீட்டு ஒன்று மேசைமேல் கிடந்தது. இறந்தவர் பொருளை அப்புறப்படுத்தும் வழக்கப்படி அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆள்தொகை குறைந்திருந்ததால் அந்த இடத்துக்கு வேறு எவரும் வரவில்லை. நான்காம் நாள் ஆணியில் தையற்காரியின் சீட்டு தொங்கியது: "மூணு நாளா பதிலே இல்ல. கோவமா அக்கா?"

சாவைச் சொல்ல அவருக்கு விதி இடங்கொடுக்கவில்லை. எழுத்து வேறுபட்டிருப்பது கண்ணில் படக்கூடாதே என்று பென்சிலை இடக்கையில் பிடித்து, கோணலும் மாணலுமாக எழுதினார்: "கோவமெல்லாம் இல்லம்மா. வலது கைல வலி. இடது கைல எழுதறேன்."

அந்த ஒரு சீட்டோடு விட்டுவிடுவதாகத்தான் நினைத்தார். அடுத்த சுற்றில் மேசைமேல் பஞ்சு வைத்துத் தைத்த மணிக்கட்டு உறை ஒன்று இருந்தது. "கழட்டாம போட்டுக்கோங்க, சூடா இருக்கும்" என்று எழுதியிருந்தது. இல்லாத வலிக்கு வந்த உறையை அவர் போட்டுக்கொண்டார். அதன்பின் ஆறு ஆண்டுகள் இடக்கையால் எழுதினார். அவர் எவரோடேனும் பேசினார் என்றால் அது அப்படித்தான். மற்றபடி பேசுகுழாய் வழியாக மாதம் ஒருமுறை காற்றலுவலக மேற்பார்வையாளரின் குரல் வரும்.

அந்தக் குரல்தான் ஒருநாள் செய்தியைச் சொன்னது.

"என்னய்யா, உயிரோட இருக்கீரா?"

"சாவி சத்தம் கேக்குதுல்ல? அப்ப இருக்கேன்னுதான் அர்த்தம்."

"புது இயந்திரம் ஓட ஆரம்பிச்சாச்சு. வர்ற ஏழாம் நாள்லருந்து முறையெல்லாம் கிடையாது. ஊரே ஒண்ணா முழிச்சிருக்கப்போகுது. உமக்கு ஓய்வு. யார்கிட்ட வேணா பேசலாம், எது வேணா பேசலாம்."

"அப்ப வெற்றுவேளை?"

"நல்ல ஆளய்யா நீர்! அத்தனை பேரும் தெருவுல நிக்கும்போது எங்கேருந்து வரும் வெற்றுவேளை? போய்த் தம்பி பிள்ளைங்களைக் கொஞ்சும்."

அன்றைய சுற்றில் ஆணியில் சீட்டு இருந்தது. "அக்கா, ஏழாம் நாள் நான் எங்கயும் போகமாட்டேன். அறையிலயே இருப்பேன். ஏறி வாங்க. நாற்காலியில யார் உக்கார்றதுன்னு நேருக்கு நேரா சண்டை போடலாம். வராம இருந்துடாதீங்க. எனக்கு வேற யாரும் இல்ல."

உண்மையைச் சீட்டிலேயே எழுதிவிடலாம். அல்லது எழுதாமல் கூண்டறையில் பதுங்கிக்கொள்ளலாம். அக்கா வரவில்லை என்று சில நாள் அழுதுவிட்டு அவள் ஓய்ந்துபோவாள். இரண்டையும் எண்ணிப் பார்த்தபடியே நின்றார். கிழக்குப் படியில் காலடிகள் கேட்கத் தொடங்கின. இடக்கையில் பென்சிலை எடுத்து, "வர்றேன்" என்று மட்டும் எழுதினார்.

ஏழாம் நாள் நடைவழியில் கால் வைக்க இடமில்லை. ஒரே கதவின் முன் இரண்டு குடும்பங்கள் நின்று, எந்தப் பானை யாருடையது என்று சிரிப்பும் வாக்குவாதமுமாக இருந்தன. யாரோ அவர் தோளில் இடித்துவிட்டு, "பாத்து வாங்க மாமா" என்றார்கள். சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி நாற்பத்தொன்றாம் அறைக்கு வந்துசேர்ந்தார். சொல்லவேண்டியதை மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தபோதே, முப்பத்தோர் ஆண்டுகளாகச் செய்ததைக் கை செய்துவிட்டது. சாவியைப் போட்டு, திருகி, கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஒருத்தி பதறி எழுந்தாள். "யாரது? தட்டிட்டு வரத் தெரியாது?"

"தட்டிப் பழக்கம் இல்லம்மா," என்றார். தம் குரலே அவருக்கு அந்நியமாக ஒலித்தது. "உள்ள ஆள் இருந்ததே இல்ல."

மேசைமேல் இரண்டு கோப்பைகள் இருந்தன. நாற்காலி துடைத்துச் சாளரத்தின் பக்கம் திருப்பிப் போடப்பட்டிருந்தது. தையற்காரி அவர் நினைத்ததைவிட வயதானவள், முன்தலை நரைத்திருந்தது. அவள் பார்வை சாவியிலிருந்து மணிக்கட்டுக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா?

"அக்கா எங்க?"

"இறந்துட்டாங்க."

"எப்போ?"

"ஆறு வருஷம் ஆச்சு. கை வலின்னு சீட்டு வந்துச்சே, அதுக்கு நாலு நாள் முன்னாடி."

அவள் உதடுகள் அசைந்தன. சீட்டுகளைக் கணக்கிடுகிறாளோ, ஆண்டுகளைக் கணக்கிடுகிறாளோ, அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப விதியை மீறி அம்மா போனதை எழுதினேனே... அதுக்கு அழாதேன்னு பதில் போட்டது?"

"நான்தாம்மா."

"அந்த நாற்காலிக் கிண்டலெல்லாம்?"

"அவங்க எழுதுறதைப் பாத்துப் பாத்து... அவ்வளவு நல்லா வரல."

"வரல," என்றாள் அவள். "அக்காவுக்கு வலி வந்ததுலருந்து சிரிப்பு குறைஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்." பிறகு முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "வெளிய போங்க."

அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். பழக்கப்படி பூட்டப்போன கையை மற்றொரு கையால் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது. நடைவழியில் இரைச்சல் அப்படியே இருந்தது. தம்பியின் வீடு அடுத்த தெருவில்தான். கால் எட்டி வைத்தபோது சட்டைப்பையில் காகிதம் உரசியது. கொடுக்க வந்ததைக் கொடுக்கவில்லை.

சீட்டை எடுத்தார். ஆறு ஆண்டுகளில் மடிப்புகள் நைந்துபோயிருந்தன. கண்ணாடி தேய்ப்பவளின் வலக்கை எழுத்து, சாய்வாக, சுத்தமாக: "தங்கச்சி, நாற்காலியை நீயே வச்சுக்கோ. ஆனா ஒண்ணு..." அவ்வளவுதான்.

இது அவளுடையது. கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடலாம். வெற்றுவேளையாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். அவர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தரையில் வைத்தார். எத்தனை தடவை தட்டவேண்டும் என்பது தெரியாததால் ஒரே ஒரு தடவை தட்டினார்.

உள்ளே நாற்காலி முனகியது. அவர் சீட்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.